'விசா ஸ்பொன்சர்' என்ற சொல்லின் பின்னால்: வெளிநாட்டில் ஆங்கிலம் படிப்பிக்கப் போக நினைக்கும் வன்னி ஆசிரியர்களுக்கு ஒரு விளக்கம்

"ஆங்கில ஆசிரியர்கள் தேவை. விசா ஸ்பொன்சர் உண்டு. தங்குமிடம் இலவசம். ஐஈஎல்டிஎஸ் தேவையில்லை." கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் வட்ஸ்அப் குழுக்களில் இந்த மாதிரி விளம்பரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. (ஐஈஎல்டிஎஸ் என்பது ஆங்கிலப் புலமைப் பரீட்சை.) இவற்றைப் பார்த்து விசாரிப்பவர்கள் விவரமில்லாதவர்கள் என்று யாரும் நினைக்கக் கூடாது. கல்வியியற் கல்லூரி முடித்தவர்கள், பட்டம் வாங்கிவிட்டு நியமனத்துக்குக் காத்திருப்பவர்கள், பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ டியூட்டரியில் ஐந்தாறு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர்கள் எல்லோரும் அதில் உண்டு.

வேலை அவர்களுக்குத் தெரியும். அந்த விளம்பரத்தில் உள்ள 'ஸ்பொன்சர்' என்ற ஒரு சொல் சட்டத்தில் எதைக் குறிக்கிறது என்பதைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அது விளங்கிவிட்டால், வரும் விளம்பரங்களில் பெரும்பகுதியை ஒரு தொலைபேசி அழைப்போடு தள்ளிவிடலாம். மிச்சம் இருப்பவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

## ஸ்பொன்சர் யார்?

எங்கள் பேச்சில் ஸ்பொன்சர் என்றால் காசு போட்டுக் கூப்பிடுபவர். லண்டனில் மாமா, கனடாவில் சித்தப்பா என்று கேட்டுப் பழகிவிட்டோம். வேலை விசாவில் அதற்குப் பொருள் வேறு. வேலை தரும் பாடசாலை தன் நாட்டு அரசாங்கத்திடம் போய், "இந்த வேலைக்கு இந்த ஆள் தேவை, அவருக்கு இந்தத் தகுதி உண்டு, இந்தச் சம்பளம் கொடுப்போம், அவர் இங்கே இருக்கும்வரை நாங்கள் பொறுப்பு" என்று எழுத்தில் ஏற்றுக்கொள்கிறது. இந்தப் பொறுப்பேற்புக்குத்தான் ஸ்பொன்சர் என்று பெயர். இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன.

1. முகவர் ஆள் சேர்த்துக் கொடுப்பவர். ஸ்பொன்சர் வேலை தருபவர். விசாத் தாளில் ஒரு நிறுவனத்தின் பெயரும், நீங்கள் படிப்பிக்கப் போகும் பாடசாலைக்கு வேறொரு பெயரும் இருந்தால், ஏன் என்று கேட்டுத் தெளிந்த பிறகுதான் அடுத்த படி. விசாவில் பெயர் இல்லாத இடத்தில் வேலை செய்தால் பல நாடுகளில் மாட்டிக்கொள்வது ஆசிரியர்தான்.

2. ஸ்பொன்சர் செய்யும் உரிமை எல்லோருக்கும் இல்லை. பிரித்தானியாவில் அதற்கு உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை அரசாங்கம் இணையத்தில் போடுகிறது, யாரும் பார்க்கலாம். அவர்கள் கொடுக்கும் ஸ்பொன்சர் சான்றிதழ் விற்பனைப் பொருள் இல்லை. "சான்றிதழ் ரெடி, இத்தனை லட்சம்" என்று ஒருவர் சொன்னால், அவர் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்கிறார்.

3. விசாவும் வேலையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. வேலை போனால், சில வாரங்களோ சில மாதங்களோ கொண்ட அவகாசத்துக்குள் புது வேலை தேடவேண்டும், அல்லது நாடு திரும்பவேண்டும். அதனால் 'நிரந்தரமான வேலை' என்று ஒருவர் சொல்லும்போது கேட்கவேண்டியது, ஒப்பந்தம் எத்தனை வருடம், அதை யார், எத்தனை நாள் முன்னறிவித்தலோடு முறிக்கலாம் என்பதைத்தான்.

## ஒரு வேலைக்கு மூன்று தாள்

நாட்டுக்கு நாடு பெயர் மாறும். ஆனால் பெரும்பாலான இடங்களில் இந்த மூன்றும் இருக்கும்.

1. நுழைவு விசா. வேலைக்காக நாட்டுக்குள் வர அனுமதி. தாய்லாந்தில் இது 'நொன் இமிகிரண்ட் பி', சீனாவில் 'இஸட்'.
2. வேலை அனுமதி. இன்ன இடத்தில் இன்ன வேலை செய்யலாம் என்ற தாள்.
3. வதிவிட அனுமதி. சவூதியில் 'இகாமா' என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான்.

சரி, 'விசிட் விசாவில் வாங்கோ, இங்கே வந்து மாற்றலாம்' என்பது இதில் எங்கே பொருந்துகிறது? எங்கேயும் பொருந்தவில்லை. உள்ளே போன பிறகு விசா வகையை மாற்ற அனுமதிக்கும் நாடுகள் உண்டு என்பது உண்மை. ஆனால் மாற்றித் தரவேண்டியது பாடசாலை. அது மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, சுற்றுலா விசாவில் வகுப்பெடுத்த ஆசிரியர்தான் சட்டத்தை மீறியவர் ஆகிறார். சம்பளம் தரவில்லை என்று முறையிடக்கூட முடியாத நிலை அது.

இன்னொரு ஆபத்தையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. தாய்லாந்தில் வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மாரின் மியாவாடி பகுதி இணைய மோசடி முகாம்களில் அடைத்துவைக்கப்பட்ட இலங்கையர்கள் உண்டு. அந்த முகாம்களுக்குக் கணினியும் ஆங்கிலமும் தெரிந்த இளம் பிள்ளைகள்தான் தேவை. பாடசாலையின் பெயர் சொல்லாமல், சுற்றுலா விசாவில், உடனே பயணம் என்று வரும் எந்த அழைப்புக்கும் வீட்டிலிருந்து யாரையும் அனுப்ப வேண்டாம்.

## முதல் கேள்வி கடவுச்சீட்டைப் பற்றியது

ஆங்கிலம் எவ்வளவு நன்றாக வந்தாலும், சில நாடுகளின் கதவு கடவுச்சீட்டைப் பார்த்தே திறக்கிறது. இது நியாயமா என்றால், இல்லை. இரண்டாம் மொழியாக ஆங்கிலத்தைக் கற்று, அதைக் கற்பிக்கும் வித்தையும் அறிந்த ஒருவர், பிறப்பால் ஆங்கிலம் பேசும் ஒருவரை விட நல்ல ஆசிரியராக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனால் விசா அலுவலகத்தில் அந்த வாதம் எடுபடாது.

தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர்களுக்குத் தரும் ஈ-2 விசா ஏழு நாட்டவர்களுக்கானது: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. 2010 இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார உடன்படிக்கை ஒன்றின் மூலம், ஆசிரியத் தகுதி உள்ள இந்தியர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வழி விடப்பட்டிருக்கிறது. இதைக் கவனிக்க வேண்டும். கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றித் தமிழில் வரும் காணொளிகளில் பல தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அதில் சொல்வது பொய்யாக இருக்காது, ஆனால் அது இந்தியக் கடவுச்சீட்டுக்கான கதை.

ஜப்பானில் பாடசாலை ஆசிரியருக்கான விசா வகைக்கு, கற்பிக்கும் மொழியிலேயே 12 வருடம் படித்திருக்க வேண்டும். முதலாம் ஆண்டிலிருந்து தமிழ்மொழி மூலம் படித்த எங்களுக்கு அது பெரிய தடை. சீனாவிலும் ஆங்கிலம் தாய்மொழியான நாட்டவர்களுக்குத்தான் பொதுவாக முதலிடம். 2021 ஜூலையில் அங்கே தனியார் டியூசன் தொழிலுக்கு அரசாங்கம் கடிவாளம் போட்டதோடு, முன்பிருந்த வேலைகளும் குறைந்தன. இங்கிலாந்தில் தகைமை பெற்ற ஆசிரியர் என்ற நிலையை வெளிநாட்டு ஆசிரியர்கள் நேரடியாகப் பெறும் வழி 2023 இல் மேலும் ஒன்பது நாடுகளுக்கு விரிந்தது. இந்தியா அதில் உண்டு, இலங்கை இல்லை.

## எங்களுக்குத் திறந்திருக்கும் கதவுகள்

மாலைதீவு. வன்னியிலிருந்து போக நினைக்கும் ஒருவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் எண்ணம். அங்கே பாடசாலைப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில மொழி மூலம் நடக்கின்றன. இலங்கை, இந்திய ஆசிரியர்கள் பல காலமாக வேலை செய்கிறார்கள். எங்கள் சான்றிதழ்கள் அவர்களுக்குப் புதியவை இல்லை. தலைநகர் மாலேயில் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. தூரத் தீவு ஒன்றில், சில நூறு பேர் வாழும் இடத்தில் நியமனம் கிடைக்கலாம். சம்பளம் ருபியாவிலா டொலரிலா, ருபியாவில் என்றால் அதை எப்படி ஊருக்கு அனுப்புவது என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அங்கே டொலர் தட்டுப்பாடு உண்டு. கணக்கில் காசு இருந்தும் அனுப்ப முடியாத நிலை வரலாம். இறங்கும்போது எல்லோருக்கும் தரும் 30 நாள் சுற்றுலா விசா வேலைக்கானதில்லை.

வளைகுடா நாடுகள். இங்கே வாய்ப்பு இந்தியப் பாடத்திட்டப் பாடசாலைகளிலும் ஆசிய நாட்டவர் நடத்தும் தனியார் பாடசாலைகளிலும் கூடுதல். 'கபாலா' என்ற ஸ்பொன்சர் முறை இங்கேதான் பேர்போனது. ஒரு காலத்தில் முதலாளியின் கடிதம் இல்லாமல் வேலை மாறவோ நாட்டை விட்டு வெளியேறவோ முடியாது. கட்டார் 2020 இல் வேலை மாறுவதற்கான அந்தக் கடிதத்தை நீக்கியது. சவூதி 2021 மார்ச்சில் சில தளர்வுகளைக் கொண்டுவந்தது. சட்டம் மாறியிருக்கிறது, பழக்கம் முழுதாக மாறவில்லை. டுபாயில் தனியார் பாடசாலையில் கற்பிக்க அங்குள்ள கல்வி அதிகாரசபையின் ஒப்புதல் ஆசிரியரின் பெயருக்கு வரவேண்டும். அது வராமல் 'அட்மின்' என்ற பெயரில் விசா எடுத்து வகுப்பில் நிறுத்துவது சட்டப்படி சரியான நியமனம் இல்லை.

தாய்லாந்து. பட்டம் கட்டாயம். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களிடம் டொயிக் என்ற ஆங்கிலப் பரீட்சையில் 600 புள்ளியோ ஐஈஎல்டிஎஸ் பெறுபேறோ கேட்பது வழக்கம். ஆசிரிய உரிமம் 'குருசபா' என்ற ஆசிரியர் சபையிடம் இருக்கிறது. உரிமம் இல்லாதவருக்குப் பாடசாலை தற்காலிக அனுமதி கேட்கலாம். ஒரே வேலைக்கு மேற்கத்தேயருக்கு ஒரு சம்பளமும் ஆசியருக்குக் குறைந்த சம்பளமும் கொடுக்கும் பாடசாலைகள் உண்டு. தெரிந்துகொண்டு போவது நல்லது.

வியட்நாம். பட்டம், கற்பித்தல் சான்றிதழ், ஆங்கிலப் புலமைச் சான்று மூன்றும் வேண்டும். வேலை அனுமதி ஒரு தடவைக்கு அதிகபட்சம் இரண்டு வருடம்.

ஐஈஎல்டிஎஸ் தேவையில்லை என்று விளம்பரம் சொன்னாலும், அதை எழுதி வைத்திருப்பது நல்லது. பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் பட்டச் சான்றிதழ் கையில் வந்த பிறகு எழுதினால் போதும்.

## டிப்ளோமாவும் பட்டமும்

இந்த இடத்தில்தான் எங்கள் பகுதி ஆசிரியர்கள் கூடுதலாக அடிபடுகிறார்கள். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் பயின்று பெறும் போதனாவியல் தேசிய டிப்ளோமா இங்கே நிரந்தர நியமனம் தரும் தகுதி. உயர் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆங்கில உயர் தேசிய டிப்ளோமாவும் அப்படித்தான், ஊரில் மதிப்புள்ளது. வெளிநாட்டு விசா விதிகளில் 'இளமாணிப் பட்டம்' என்று எழுதியிருந்தால் இவை இரண்டும் அதற்குள் வராது. பத்து வருட அனுபவமுள்ள ஒரு ஆசிரியர், நேற்று பட்டம் பெற்ற ஒருவருக்குப் பின்னால் நிற்க வேண்டி வருவது இதனால்தான்.

இதற்கு வழி இருக்கிறது, குறுக்குவழி இல்லை. திறந்த பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஆங்கிலம் கற்பித்தலும் சேர்ந்த பட்டப்படிப்பு உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஏற்கனவே வேறு பாடத்தில் பட்டம் உள்ளவருக்குக் கற்பித்தல் சான்றிதழ் போதுமாக இருக்கும். அதில் ஒன்றைப் பார்த்துத் தெரிய வேண்டும். இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் '120 மணித்தியால டெஃபல்' சான்றிதழும், கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழும் மணித்தியால எண்ணிக்கையில் ஒன்றுதான். ஆனால் செல்டாவில் ஆறு மணித்தியாலம் உண்மையான மாணவர்களுக்கு முன்னால், பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்கப் படிப்பிக்க வேண்டும். நல்ல பாடசாலைகள் கேட்பது அந்த ஆறு மணித்தியாலத்தைத்தான். முகவருக்குக் கொடுக்க ஒதுக்கிய காசு இருந்தால், அதை இதில் போடுங்கள். வேலை கிடைக்காமல் போனாலும் படிப்பு கையில் இருக்கும்.

## பெயரில் ஒரு எழுத்து

வன்னிக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. 2008, 2009 இடப்பெயர்வில் ஆவணங்கள் போன வீடுகள் ஏராளம். பிறகு ஒவ்வொன்றாக, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அலுவலகத்தில் புதிதாக எடுத்தார்கள். சுதர்சினி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழை ஒரு மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்து 'ஐ' (i). அடையாள அட்டையில் 'வை' (y). சாதாரண தரச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக மட்டும். பட்டச் சான்றிதழில் அது முழுப் பெயராக. ஊரில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கிராம அலுவலருக்கு ஆளைத் தெரியும். வெளிநாட்டுத் தூதரகத்தில் இருப்பவருக்கு இது நான்கு வெவ்வேறு பெண்கள்.

இதைச் சரிசெய்ய ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதை மாற்றினால் இரண்டு தடவை காசும் அலைச்சலும்.

1. பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெறுவது. எழுத்துக்கூட்டலை அவரிடம் விடாமல், பட்டச் சான்றிதழில் உள்ளபடி எழுதச் சொல்ல வேண்டும்.
2. அதே எழுத்துக்கூட்டலில் கடவுச்சீட்டு. வவுனியாவில் குடிவரவு குடியகல்வு திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் உண்டு.
3. மாறியே ஆகவேண்டிய பழைய சான்றிதழ்களுக்குப் பரீட்சைத் திணைக்களத்திலோ பல்கலைக்கழகத்திலோ விண்ணப்பம். மாற்ற முடியாதவற்றுக்கு 'இரு பெயரும் ஒருவரே' என்ற சத்தியக்கடதாசி.
4. அப்புறம்தான் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் அத்தாட்சி. இதற்குக் கொழும்பு போகவேண்டியதில்லை; யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது. அதன் பிறகு, போகும் நாட்டின் தூதரக முத்திரை.
5. பொலிஸ் நற்சான்றிதழைக் கடைசியாக எடுப்பது. அது பழையதானால் ஏற்கமாட்டார்கள். இடம்பெயர்ந்து வாழ்ந்த முகவரிகளைத் திகதியோடு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் விண்ணப்பம் நிரப்புவது சுலபம்.

வேலை கிடைத்த பிறகு இதைத் தொடங்கலாம் என்று இருப்பவர்கள் வேலையை இழக்கிறார்கள். பாடசாலை தவணை தொடங்கும் நாளுக்காகக் காத்திருக்கும், பெயர்த் திருத்தத்துக்காகக் காத்திருக்காது.

## ஒப்பந்தத்தில் எந்த வரி முக்கியம்?

எல்லோரும் மொத்தச் சம்பளத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளத்தை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, முதல் ஐந்து வருடங்களுக்கும் வருடம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் சேவை முடிவுப் பணமாகக் கிடைக்கவேண்டும். ஒரு உதாரணம். இரண்டு பேருக்கும் மொத்தம் 3,500 திர்ஹம். ஒருவரின் ஒப்பந்தத்தில் அடிப்படை 2,400, மற்றவருக்கு 1,500; மிச்சம் மேலதிகக் கொடுப்பனவுகள். முதலாமவருக்கு வருடத்துக்கு 1,680 திர்ஹம் சேரும், இரண்டாமவருக்கு 1,050. கையில் வரும் மாதக் காசு ஒன்றாக இருந்தும், மூன்று வருடத்தில் 1,890 திர்ஹம் வித்தியாசம்.

அதோடு, கோடை விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, பரீட்சார்த்த காலம் எவ்வளவு, இடையில் விலகினால் விசாச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்லும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தால், அங்குள்ள நீதிமன்றம் பார்ப்பது பெரும்பாலும் அந்த நாட்டு மொழிப் பிரதியைத்தான். கையொப்பத்துக்கு முன் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

## காசு யார் கட்டுவது?

ஆள் சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது ஐக்கிய அரபு இராச்சியத்தின் சட்டம். சவூதியில் இகாமாக் கட்டணம் வேலை தருபவரின் பொறுப்பு. இங்கே, 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இல்லாமல் யாரும் ஆள் சேர்க்க முடியாது. உரிமம் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கும் பணியகத்தின் ஒப்புதல் வேண்டும். முகவரின் உரிம இலக்கத்தைக் கேட்டு வாங்கி, 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சரிபார்க்கலாம். பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். துணுக்காயிலோ மடுவிலோ இருப்பவருக்கு அவர்தான் கிட்டிய உதவி.

நேரடியாகப் பாடசாலையோடு பேசி வேலை எடுத்தவரும் புறப்படும் முன் பணியகத்தில் பதிய வேண்டும். காப்புறுதியும், பிரச்சினை வந்தால் முறையிடும் உரிமையும் அந்தப் பதிவோடு சேர்ந்தே வருகின்றன.

## அரச நியமனத்தில் இருப்பவர்கள்

2022 ஜூனில் வந்த 14/2022 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக இடம் கொடுத்தது. ஆசிரியர் என்றால் அதிபர், வலயக் கல்வி அலுவலகம் வழியாக எழுத்தில் அனுமதி வரவேண்டும். அனுமதி கைக்கு வரும் முன் பயணச்சீட்டு எடுத்துப் போனவர், பதவியை விட்டு விலகியவராகக் கணிக்கப்படுவார். ஓய்வூதியம் வரைக்கும் அது தொடரும்.

வன்னியின் உட்பகுதிப் பாடசாலைகளில் ஆங்கிலத்துக்கு ஆசிரியர் இல்லாத குறை இன்று தொடங்கியதில்லை. ஒருவர் போனால் அந்த இடம் நிரம்பப் பல தவணைகள் ஆகலாம். போகிறவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தவணை நடுவில் போகாமல், தவணை முடிவில், பதில் ஆசிரியர் கேட்டு எழுதிவிட்டுப் போனால் ஓ/எல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

## ஏற்கனவே போய் மாட்டிக்கொண்டவர்கள்

விசிட் விசாவில் போய் வேலை விசா வராமல் இருப்பவர்கள் செய்யக்கூடியது இருக்கிறது. விசா முடியும் திகதியைத் தாண்ட விடக் கூடாது. தாண்டினால் நாளுக்கு நாள் தண்டம் ஏறும், மறுபடி அந்த நாட்டுக்குள் வரத் தடையும் விழலாம். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்திருந்தால், அது வளைகுடா நாடுகளிலும் சட்டத்துக்கு மாறானது. இலங்கைத் தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவில் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். ஊரில் இருக்கும் குடும்பத்தவர் முகவருக்குக் காசு கொடுத்த வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் பிரதி எடுத்துப் பணியகத்துக்குக் கொண்டு போகவேண்டும். காசைக் கையில் கொடுத்துச் சீட்டு வாங்காமல் விட்டவர்களும் முறையிடலாம். கொடுத்த திகதி, இடம், பக்கத்தில் நின்றவர் பெயர் ஆகியவற்றை ஞாபகம் இருக்கும்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.